காலண்டரைப் பாதியாக்குவோம், பிள்ளைகளுக்குக் கிறுக்கல் புத்தகம் கொடுப்போம்



ஆடி மாதம் பிறந்தால் சிவகாசி ஏஜெண்டுகள் காலண்டர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நம் கடைப் படியேறத் தொடங்கிவிடுவார்கள். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டு ஆல்பத்தை வெளியிடுவது அந்த ஊர் அச்சகத்தாரின் வழக்கம். நாமும் முருகனா, மகாலட்சுமியா, தவழும் குழந்தையா என்று புரட்டிப் பார்த்து, கடைப் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்து, கையோடு முன்பணமும் கொடுத்து அனுப்புவோம். மார்கழியில் கட்டு வந்து இறங்கும். தை பிறப்பதற்குள் கொடுத்து முடிப்போம். போன வருஷம் எத்தனை போட்டோம், அதில் எத்தனை மிஞ்சியது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. துவரம்பருப்பு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம் என்றால் நாலு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிற நாம், காலண்டர் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்கிறோம்.

இந்த ஆண்டு அந்த ஆர்டரில் பாதியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் சிறுபிள்ளைகள் படம் வரையவும் கதை கட்டவும் ஒரு புத்தகத்தை நம் சங்கத்தின் பெயரில் அச்சிட்டு, வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. செயற்குழுவில் இதை வாயால் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணே, ஸ்டேஷனரி சரக்கு தேங்கிப் போச்சா?" என்றே கேட்டுவிட்டார். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். சரக்குத் தேங்கிக் கிடப்பது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் தேங்கிக் கிடப்பது வேறு மாதிரியான புத்தகம். நான் கேட்பது வேறு.

நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தவன். உப்பளத்தில் அப்பா வைத்த மளிகை மொத்தக் கடை. பலப்பமும் சிலேட்டும் அந்தக் காலத்தில் மளிகைக் கடைச் சரக்குத்தான். அதன் பின்னாலேயே நோட்டு, பென்சில், ரப்பர் என்று எழுதுபொருளும் வந்து சேர்ந்து, இப்போது கிடங்கில் பாதி இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாணரப்பேட்டை, திப்புராயப்பேட்டை, நேதாஜி நகர் சில்லறைக் கடைக்காரர்களில் பலருக்கு என்னைத் தெரியும். அவர்கள் கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கும் கலர் அடிக்கும் புத்தகங்களில் கணிசமான பங்கு என் கிடங்கிலிருந்து போனதுதான்.

அந்தப் புத்தகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடப் பக்கம் சிவப்பாக ஒரு ஆப்பிள். வலப் பக்கம் அதே ஆப்பிள் வெறும் கோடாக. பிள்ளை இடப் பக்கத்தைப் பார்த்து வலப் பக்கத்தில் அடிக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே போனால் அம்மா திட்டுவாள். ஆப்பிளுக்குப் பின்னால் பனிக்கட்டியால் கட்டிய வீடு, பனியில் செய்த பொம்மை மனிதன் எல்லாம் வரும். உப்பளத்துப் பிள்ளை பனியை எங்கே கண்டது? இந்தச் சரக்கைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டுக் கட்டாக விற்றேன். விற்றதில் தப்பில்லை, கேட்டார்கள், கொடுத்தேன். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பிரித்துப் படித்துப் பார்த்ததில்லை. புழு விழுந்த கடலையா, புது வரத்தா என்று மூட்டையில் கைவிட்டுப் பார்க்கிற ஆள் நான்.

ஒரு பழைய சங்கதி சொல்ல வேண்டும். என் இரண்டாவது மகளுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் அரியாங்குப்பம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பாக்கிக் கணக்கு ஒத்துப் பார்க்க வந்தார். நல்ல பெரிய மீசை அவருக்கு. பேரேட்டில் அவர் பக்கத்தைத் திருப்பினேன். பற்று வரவுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு மீசை, அந்த மீசைக்குக் கீழே சின்னதாக ஒரு ஆள், ஆள் தலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு மூட்டை. மூட்டை கனம் தாங்காமல் கால் இரண்டும் வளைந்திருந்தன. வந்தவர் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. அவர் எதிரிலேயே பிள்ளையை அடித்துவிட்டேன். "விடுங்க ஐயா, பிள்ளைதானே. மீசையும் சரியாத்தான் இருக்கு, பாக்கியும் சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல், கிடங்கிலிருந்து ஒரு கலர் அடிக்கும் புத்தகத்தை எடுத்து வந்து, "இனிமே இதுல அடி" என்று கொடுத்தேன். கோடு தாண்டாமல் அடித்து முடித்தாள். பக்கத்து வீட்டாரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அதன் பிறகு அவள் என் கணக்கில் கிறுக்கவில்லை. வேறு எங்குமே எதையுமே வரையவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அந்தப் பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வருமான வரிக்காக வைத்திருக்க வேண்டிய காலமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

நம் ஊரில் கணக்கோடு கதையும் எழுதியவர் ஒருவர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை, வணிகர், துய்ப்ளேக்ஸ் துரையிடம் துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று விடாமல் எழுதி வைத்தார். கணக்கு நோட்டில் கணக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். என் மகளை அவரோடு ஒப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மறந்துதான் போயிருந்தேன். நினைவுபடுத்தியது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு அது நம் ஊர்ப் பக்கம் கரை கடந்ததும், 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும் நம் எல்லாருக்கும் கைச் சேதத்தோடு நினைவிருக்கும். என் கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் அடுக்கு முழுக்க நனைந்துவிட்டது. கலர் அடிக்கும் புத்தகக் கட்டுகளும், விலாசம் மாறுவதற்கு முன் அடித்து வைத்திருந்த பழைய பில் புத்தகங்களும்தான் அந்த அடுக்கில் இருந்தன. வெயில் வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துத் தெருவில் காயப் போட்டோம். பள்ளிக்கு விடுமுறை. மின்சாரம் இல்லை. போன்களில் சார்ஜும் இல்லை. தெருப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்றன. ஓரளவு காய்ந்தவற்றை, போகட்டும் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கலர் அடிக்கும் புத்தகம் சிலருக்கு, பின்பக்கம் வெள்ளையாக இருந்த பில் புத்தகம் சிலருக்கு. பென்சில் பெட்டி இரண்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கலர் புத்தகம் வாங்கிய பிள்ளைகள், "இதுக்கு என்ன கலர்?" என்று ஒன்றை ஒன்று கேட்டன, இரண்டு பக்கம் அடித்தன, வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டன. பில் புத்தகம் வாங்கிய ஒரு பையன் இடத்தைவிட்டு எழவில்லை. தாள் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டான். அது தண்ணீராம். தண்ணீரில் ஒரு பெட்டி மிதந்தது. பெட்டிமேல் நாலு கால்.

"என்னடா இது?" என்றேன்.

"எங்க வீட்டு பிரிட்ஜ் தாத்தா. மேல ஏறினது எங்க நாய் இல்ல, பக்கத்து வீட்டு நாய். அதுக்கு நீச்சல் தெரியாது. பிரிட்ஜுதான் அதைக் கூட்டிக்கிட்டுப் போச்சு."

எங்கே கூட்டிக்கொண்டு போயிற்று என்று கேட்டேன். அடுத்த தாளில் துறைமுகம் வந்தது. அதற்கடுத்த தாளில் ஒரு கப்பல். அரை மணி நேரத்தில் பில் புத்தகம் தீர்ந்துவிட்டது. "தாத்தா, கதை முடியல, இன்னொரு புக்கு குடுங்க" என்று வந்து நின்றான். ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் புத்தகம் தீர்ந்துவிட்டது, அடுத்ததைக் கொடு என்று ஒரு பிள்ளை என்னிடம் வந்து கேட்டது அன்றுதான். போனில் சார்ஜ் இருந்திருந்தால் அவனும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று என் மகன் சொன்னான். இருக்கலாம்.

பிறகு விசாரித்தேன். பாதியை வரைந்துவிட்டு மீதியைப் பிள்ளையிடம் விடுகிற புத்தகங்கள் உலகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. 1978இல் அமெரிக்காவில் சூசன் ஸ்ட்ரைக்கர் என்ற ஓவிய ஆசிரியை, கலர் அடிக்கும் புத்தகத்துக்கு எதிர்ப் புத்தகம் என்றே பெயர் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தார். ஜப்பானில் தாரோ கோமி என்ற ஓவியர் 1990இல் கிறுக்கல் புத்தகம் என்ற பெயரிலேயே போட்டார். அது பல நாடுகளுக்குப் போயிற்று. நம் பக்கத்தில், சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் என்ற பதிப்பகம், யானையை எட்டு விதமாக, மீனை எட்டு விதமாக வரைவது எப்படி என்று, நம் நாட்டு நாட்டுப்புற ஓவியர்களின் பாணிகளைக் காட்டிப் பிள்ளையையும் வரையச் சொல்லும் புத்தகங்கள் போட்டிருக்கிறது. நல்ல தாள், நல்ல அச்சு. அதற்கேற்ற விலை. கால் கிலோ உளுந்தும் ஒரு சோப்பும் வாங்க வருகிறவர்கள் நிற்கிற கடைக்கு அவை வருவதில்லை. வந்தாலும் விற்க முடியாது.

ஆனால் நம் கடைகளில் இந்த வகைப் புத்தகம் ஒன்று எப்போதுமே இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. மார்கழி பிறந்தால் கோலமாவுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கோலப் புத்தகம் தொங்கவிடுவோமே, அதுதான். புள்ளியை மட்டும் வைத்துவிட்டால் கோடு யார் கையிலிருந்து எப்படி வேண்டுமானாலும் வரும். ஏழு புள்ளியில் ஆரம்பித்து ஒன்றில் முடிகிற ஒரே புள்ளி வரிசையில் அம்மா போடுவது ஒரு கோலம், பெண் போடுவது வேறு கோலம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இந்தக் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதலாம் என்று 1974இலேயே தம் குழுவினரோடு கட்டுரை எழுதினார். வாசல் தெளித்துப் போடுகிற கோலத்தில் அவ்வளவு கணக்கு இருக்கிறதென்றால் பிள்ளை கிறுக்குவதை நாம் ஏன் வெட்டி வேலை என்கிறோம்?

கிறுக்கலைப் பற்றி இன்னொன்று. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியல் ஆய்வாளர், 40 பேரைச் சலிப்பான ஒரு டெலிபோன் பேச்சைக் கேட்க வைத்தார். பாதிப்பேர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் கட்டங்களையும் வட்டங்களையும் தீட்டினார்கள். பாதிப்பேர் சும்மா கேட்டார்கள். கடைசியில் தீட்டியவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக ஞாபகம் இருந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. மண்டிக்காரர் போனில் விலை சொல்லும்போது பில் ஓரத்தில் சுழி சுழியாகப் போட்டுக்கொண்டே கேட்கிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

இனி வியாபாரத்துக்கு வருகிறேன்.

இந்த மாதிரிப் புத்தகத்தை விற்பது கஷ்டம். முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன். கலர் அடிக்கும் புத்தகத்தைத் தாய்மார்கள் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் படம் தெரியும். இதைப் புரட்டினால் வெள்ளையாகத்தான் தெரியும். "இதுல ஒண்ணுமே இல்லையே, வெறும் தாளுக்கா காசு?" என்று திருப்பி வைத்துவிடுவார்கள். நானே சோதித்துப் பார்த்தேன். வெளியூரிலிருந்து இப்படி ஒரு புத்தகம் கொஞ்சம் வரவழைத்து நாலு கடையில் வைத்தேன். மூன்று கடையில் அப்படியே திரும்பி வந்தது. நாலாவது கடையில் மட்டும் தீர்ந்துவிட்டது. அந்தக் கடைக்கார அம்மா செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு புத்தகத்தைச் சணலில் கட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளை உயரத்துக்குத் தொங்கவிட்டு, அதே சணலில் ஒரு பென்சிலையும் கட்டிவிட்டார்கள். தாய் சாமான் சொல்லி எடை போடுகிற நேரத்தில் பிள்ளை கிறுக்க ஆரம்பித்துவிடும். பாதிக் கிறுக்கலில், "வாடி போகலாம்" என்றால் எந்தப் பிள்ளை வரும்? ஒரு புத்தகம் பாழ், இருபது புத்தகம் விற்பனை. சில்லறை நண்பர்கள் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

எழுதுபொருள் வியாபாரம் நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரிந்ததுதான். பல தனியார் பள்ளிகளில் நோட்டு, புத்தகம், அட்டை, லேபிள் எல்லாம் ஒரே கட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தைப் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிற கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். என்றாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயசுப் பிள்ளை நடந்து வருகிற இடம் நம் கடைதான். அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது என்ன? ஒரு மிட்டாய். அதுவும் பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக.

வரியையும் பார்ப்போம். சிறுவர் படப் புத்தகம், வரையும் புத்தகம், கலர் அடிக்கும் புத்தகத்துக்கு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதலே வரி இல்லை. நோட்டுக்குத்தான் 12 சதவீதம் இருந்தது. எழுத்துப் பயிற்சியும் படமும் கலந்த புத்தகம் வந்தால் இது நோட்டா, படப் புத்தகமா என்று பில் போடும்போது தலையைப் பிய்த்துக்கொண்டோம். பென்சில் சீவும் சார்ப்னருக்கு 2022இல் 18 ஆக்கினார்கள், 2023இல் மறுபடி 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், கிரேயான், ரப்பர், சார்ப்னர் எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்றாகிவிட்டதால் அந்தத் தலைவலி தீர்ந்தது. காலண்டருக்கு வரி உண்டு. அதை இலவசமாகக் கொடுப்பதால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கவும் சட்டம் இடம் கொடுக்காது. முழுக்க நம் கைச் செலவு. ஒரு எச்சரிக்கை: படமும் எழுத்தும் நாம் கொடுத்து, அச்சகத்தார் தம் தாளில் அடித்துத் தந்தால் அது சரக்காக இல்லாமல் அச்சுச் சேவையாகக் கணக்காகி வரி வரக்கூடும். ஆர்டர் கொடுக்குமுன் ஆடிட்டரைக் கேட்டுவிட வேண்டும்.

தாள் விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம். பளபளவென்று ஆர்ட் பேப்பரில் போட்டால் ஆல்பம் போல அழகாக இருக்கும், ஆனால் பென்சிலும் கிரேயானும் அதில் பிடிக்காது, வழுக்கும். நியூஸ் பிரிண்ட் என்றால் ரப்பர் வைத்ததும் கிழியும். 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ போதும். டபுள் கிரவுன் தாள், அதாவது 20க்கு 30 அங்குலம், ஒன்றை மடித்தால் ஏழரைக்குப் பத்து அங்குலத்தில் 16 பக்கம் கிடைக்கும். ஒரு தாளுக்கு ஒரு புத்தகம். ஒரு ரீமுக்கு 500 புத்தகம். உள்ளே ஒரே கறுப்பு மைதான், பிள்ளைதானே கலர் அடிக்கப் போகிறது. முன்பக்கம் ஒரு பிளேட், பின்பக்கம் ஒரு பிளேட். மேல் அட்டை மட்டும் கலரில். நடுவில் இரண்டு பின். காலண்டர் போல அட்டை வேண்டாம், தகரப் பட்டை வேண்டாம், 365 தாள் வேண்டாம். பின் அட்டையில் கடைப் பெயரைப் போட இடம் விட்டு ஒன்றாக அடித்துவிட்டால், கடைக்குக் கடை ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொள்ளலாம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆப்பிளும் பனி வீடும் வேண்டாம். நம் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி மட்டும் ஒரு பக்கத்தில்; அதற்குக் கீழே முகத்தைப் பிள்ளை போடட்டும். குபேர் அங்காடி மீன்காரம்மாவின் கூடை மட்டும். கூடைக்குள் என்ன என்பது பிள்ளையின் பாடு. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் குடை, குடைக்குக் கீழே வெறும் பல்லக்கு. 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், "ராத்திரி இது எதைப் பார்த்தது?" என்று ஒரு வரி. ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி, கோடு இல்லை. ஒரு மளிகைக் கடையின் காலி அலமாரி. அதில் என்னென்ன அடுக்குவாய்? இந்தப் பக்கத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசி இரண்டு பக்கத்தில் நாலு நாலு கட்டம், முதல் கட்டத்தில் மட்டும் படம், மற்றவற்றில் பேச்சுக் குமிழ் மட்டும் காலியாக. தண்ணீரில் மிதக்கும் ஒரு பிரிட்ஜ் அதில் முதல் கட்டமாக இருக்கட்டும்.

இடையில் ஒரு சின்னக் கதையும் வேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் என்ற அமைப்பு, ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் 2015 முதல் தமிழிலும் சிறுவர் கதைகளை வெளியிடுகிறது. எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயரையும் உரிம விவரத்தையும் போட்டால் யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம், தனியாக உரிமைத் தொகை கேட்பதில்லை. படம் போட அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலி கொடுத்து வரைய வைப்போம். சங்கத்து வேலைதானே, சும்மா போட்டுக்கொடு என்று யாரும் கேட்கக் கூடாது. நாம் யாருக்காவது சும்மா மூட்டை இறக்கியிருக்கிறோமா?

காலண்டர் இல்லாமல் ராகுகாலம், எமகண்டம் எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரம்மாவே முதலில் கேட்டாள். காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துப் படிக்காமல் அடுப்பங்கரைக்குப் போக மாட்டாள். அதனால்தான் பாதி என்கிறேன், முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு நகைக் கடை ஒன்று, ஜவுளிக் கடை ஒன்று, மருந்துக் கடை ஒன்று, நம்முடையது ஒன்று என்று நாலு காலண்டர் போகிறது. சுவரில் ஆணி ஒன்றுதான். மிச்சம் மூன்றும் கட்டிலுக்கு அடியில் சுருட்டியபடி கிடக்கிறது, அடுத்த தை வரைக்கும். நம்முடையது ஆணியில் தொங்குகிறதா, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதா என்று நம்மில் யாராவது பார்த்ததுண்டா? வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்குக் காலண்டர் கொடுப்போம். சிறுபிள்ளை இருக்கிற வீட்டுக்குப் புத்தகம் கொடுப்போம். இரண்டும் இருக்கிற வீட்டுக்கு இரண்டும் போகட்டும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மளிகைக் கடைக்காரனுக்குத் தெரியாததா என்ன!

இன்னொரு ஆட்சேபமும் வந்தது, அது நியாயமானது. சின்னக் கடைக்காரர்கள் காலண்டரே முப்பது, நாற்பதுதான் போடுகிறார்கள், அவர்களால் இதற்குச் செலவு செய்ய முடியுமா என்று நேதாஜி நகர் தம்பி ஒருவர் கேட்டார். தனித்தனியாக அடித்தால் கட்டாது. சங்கம் மொத்தமாக அடித்து அடக்க விலைக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் கட்டும். முதல் அச்சு 1,000 புத்தகத்துக்கு உள் தாள் இரண்டு ரீம் வேண்டும். கழிவுக்கும் சேர்த்து நான் தருகிறேன். பில் போடப் போவதில்லை. அட்டைத் தாளையும் அச்சுக் கூலியையும் சங்கம் ஏற்க வேண்டும். தேங்கிக் கிடக்கிற என் பழைய சரக்கை இதில் தள்ளிவிடுவேன் என்று பயப்படுகிறவர்கள் கிடங்குக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். நனைந்தது போக மீதியைப் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின செயற்குழுவில் இதை ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் வந்து ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லட்டும், வராமல் இருந்துவிட வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பில் பின்னால், சோப்பு அட்டையில், காலண்டர் தாளின் முதுகில் ஏதாவது கிறுக்கியிருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். என் பேரேட்டை நான் கொண்டு வருகிறேன்.